ஞானப்பூவின் தலைமாடு

"தூரத்து ஊழியம் தேன் மாதிரி இருக்கும், பக்கத்து ஊழியம்..." அதற்கு மேல் நினைவில்லை, அண்ணாச்சி. வேதமாணிக்கம் ஐயர் பிரசங்கத்தில் சொன்னது. வேம்பு என்றாரா, முள் என்றாரா, வேறெதாவது சொன்னாரா, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஐயர் என்றதும் வேறு யாரையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம். அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம். கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள ஆளில்லை.

கொழும்பு விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று போட்டிருக்கிறான் பாருங்கள். உங்கள் மகள் அதில்தானே வருகிறாள்? நான் காத்திருக்கிறவரும் அதில்தான். மாசிலாமணி என்று பெயர். அறுபத்தாறு வயது. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சொந்தத் தோட்டம் இல்லை, அங்கே ஃபாக்டரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். உறவா என்று கேட்டால் இல்லை. ஒரே ஊர். அதை எப்படிச் சொல்வது, அவர் பிறந்ததிலிருந்து எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் ஒரே ஊர். நான்தான் வரச் சொன்னேன். சொன்னபோது மனசு நிறைந்திருந்தது. இப்போது கையைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருக்கிறது. மதுரையில் இந்தக் குளிர் மிஷினுக்குக் கீழே நின்றுகொண்டு.

போன மே மாதம் எங்கள் சபையிலிருந்து மிஷன் பயணம் போனோம். பதினொரு பேர், பத்து நாள், பதினொரு பேருக்கும் ஒரே நீலச் சட்டை. நான் குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். பத்தாம் வகுப்புவரை மிஷன் பள்ளியில் தமிழ், அப்புறம் பாளையங்கோட்டையில் இங்கிலீஷ். அதனால் சபையில் எது வந்தாலும் ராஜசிங்கைக் கூப்பிடு, அவன் ரெண்டு பாஷையிலும் பேசுவான் என்பார்கள். தோட்டத்தில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். ஏர்போர்ட்டில் ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டாமா.

சுவிசேஷம் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். போய்ப் பார்த்தால் அங்கே நூறு வருஷத்துக் கோயில் நிற்கிறது. தகரக் கூரை, ஒரு மணி, இருபது பெஞ்சு. முதல் நாள் ஆராதனையில் அவர்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே ஐந்து சரணமும் பாடி முடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் போனில் தேடிக்கொண்டிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும், ஜெபம் முடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பனியில் கால் விறைத்துப் போகும், அண்ணாச்சி. அந்தப் பெண்கள் செருப்பில்லாமல் நின்று பாடுவார்கள். நான் எத்தனை கோயில் பார்த்திருக்கிறேன், குவைத்தில் ஏசி போட்ட கோயில் எல்லாம். அந்த மலையில் நான் ஜெபித்த மாதிரி எங்கேயும் ஜெபித்ததில்லை. இதைச் சாட்சியில் எழுதியிருக்கிறேன்.

சாட்சி என்றால் உங்களுக்குக் கோர்ட்டுச் சாட்சி ஞாபகம் வரும். எங்களுக்கு அது வேறே. கர்த்தர் எனக்கு என்ன செய்தார் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வது. நாளைக் கழித்து ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். மிஷன் பயணத்தில் கற்றுக்கொண்ட விசுவாசப் பாடங்கள் என்று தலைப்பு. எங்கள் சபைகளுக்கெல்லாம் பொதுவான திருமண்டலப் பத்திரிகைக்கு இங்கிலீஷிலும் கேட்டிருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். தமிழில்தான் பாதியில் நிற்கிறது.

அங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி நடத்தினோம். மூன்றாம் நாள் பாடம் என் பொறுப்பு. புறஜாதிக்கும் யூதனுக்கும் நடுவே நின்ற சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்கிற பாடம். பாடப் புத்தகத்தில் கொடுத்திருந்தபடியே செய்தேன். தேயிலை அனுப்புகிற அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்து ஆள் உயரத்துக்கு அடுக்கி, இந்தப் பக்கம் பாதிப் பிள்ளைகள், அந்தப் பக்கம் பாதி. பாட்டு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஓடிவந்து இடித்துத் தள்ள வேண்டும். அதுகளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். திரும்பக் கட்டுங்க மாமா, திரும்பக் கட்டுங்க மாமா என்று ஆறு தடவை கட்டவைத்து ஆறு தடவையும் இடித்தன. எனக்கு முதுகு போய்விட்டது. பெரியவர்களும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். மாசிலாமணியும் அங்கே நின்றார். அவர்தான் மணி அடிக்கிறவர், உபதேசியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் வாசிக்கிறவரும் அவர்தான். நான் கடைசியில் பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் பிரசங்கம் செய்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. லயம் என்பார்கள், வரிசையாக ஒட்டிக்கட்டின ஒற்றை அறை வீடுகள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். ஒரே கட்டில்தான், அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் பலகையில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதையும் சாட்சியில் எழுதியிருக்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, "தம்பிக்கு இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தூத்துக்குடி ஜில்லா என்றேன். ஊரைக் கேட்டார். கிருபைவிளை என்றேன்.

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "திரும்பச் சொல்லுங்க தம்பி," என்றார்.

சொன்னேன். ஈரக் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை இன்னும் என்னால் உணர முடிகிறது. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதற்குள் அவர் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு, எங்கள் கோயில் முத்திரையோடு. எங்கள் கோயில், அண்ணாச்சி. என் ஞானஸ்நானச் சீட்டிலும் அதே முத்திரைதான். தாத்தா மானுவேல் பத்தொன்பது வயதில் கப்பல் ஏறியவர். அவருடைய அம்மா ஊரிலேயே தங்கிவிட்டாள். ஞானப்பூ என்று பெயர். அவள் செத்த செய்தி கடிதத்தில் வந்து சேர எட்டு மாதம் ஆனதாம். கல்லறைத் தோட்டத்தில் கிழக்கே அடக்கம் செய்தாயிற்று என்று எழுதியிருந்ததாம். முகத்தைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று தாத்தா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். நம்மில் யாராவது ஒருத்தன் போய், அம்மா தலைமாட்டில் ஒரு மெழுகுத்திரி கொளுத்திவையுங்கடா என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் அப்பாவாலும் முடியவில்லை.

கிழக்கே என்று கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கல்லறையில் கிழக்கே அடக்கம் செய்வது கீழத்தெருக்காரர்களை. அதற்கு மேல் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊரிலும் ஒரு கீழத்தெரு இருக்கும்.

அவர் கேட்டார், "தம்பிக்கு எந்தத் தெரு?" கோயில் தெரு என்றேன். பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார். டின்னை மூடினார். அப்புறம் மீதியிருந்த ஏழு நாளும் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டார். நான்கூட வேண்டாம், தம்பி என்றே சொல்லுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தார், மாற்றவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. குவைத்தில் ஒரு அறையில் ஆறு பேர் கிடந்தோம், யார் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெரியும், ஆனால் கேட்டதில்லை. என்ன சொல்கிறீர்கள்? எங்கள் கீழத்தெருவில் நான் சாப்பிட்டிருக்கிறேனா என்றா? கூப்பிட்டால் போவேன். யாரும் கூப்பிட்டதில்லை.

புறப்படுகிற அன்று, பஸ்ஸுக்குப் பக்கத்தில் எல்லோரும் அழுதுகொண்டு நிற்கும்போது, நான் அவரைக் கட்டிப்பிடித்து, நீங்கள் வாருங்கள், என் வீட்டில் தங்குங்கள், ஞானப்பூ அம்மா கல்லறைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த மலையில் நின்று சொல்வது கஷ்டமாகவே இல்லை. அவர் தலையை ஆட்டினார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து மாதத்தில் பாஸ்போர்ட் எடுத்து, கொழும்பில் இருக்கிற மகளை வைத்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

டிக்கெட் எடுத்த செய்தி வந்த மறுநாள்தான் அந்தக் கல்லறையைத் தேடிப் போனேன். இங்கேதான் உங்களிடம் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். மேற்கே எங்களுக்கு, கிழக்கே அவர்களுக்கு. நடுவில் வேலி கிடையாது, நாலைந்து முள் உடைமரம் மட்டும். யார் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு வேலி எதற்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். அவர் நினைவாகக் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குவைத்திலிருந்து போன் போட்டுக் கேட்டேன். சபைச் செயலாளர் எபனேசர் வாத்தியார், "கல்லறையில ஆடு மாடு மேயுது தம்பி, ஒரு சுத்துச்சுவர் கட்டிக் குடு," என்றார். சரி என்றேன். அவ்வளவுதான். நான் வேறெதுவும் சொல்லவில்லை, வேறெதுவும் கேட்கவுமில்லை. அடுத்த லீவில் வந்து பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஏழடி. இரும்பு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் அப்பா பெயர் பொறித்த கறுப்புக் கல். தெற்கே, மேற்கே, வடக்கே சுவர் போகிறது. நாலாவது பக்கம் உடைமரங்கள் நின்ற வரிசையில் போகிறது. எஸ்டிமேட் அவ்வளவுக்குத்தான் வந்தது என்றார் வாத்தியார். கிழக்குப் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அப்பா கல்லறையில் பூ வைத்துவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை, அண்ணாச்சி. சத்தியமாகப் படவில்லை.

இப்போது அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் ஓடையைச் சுற்றி அரை மைல் நடக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நான் அங்கே கால் வைத்ததில்லை. ஒரே முள். எந்தக் கல்லிலும் எழுத்து இல்லை. ரூத்தம்மாள் என்று ஒரு வயசாளி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "தங்கையா மவன்தானே? கும்பிட வந்தியளா, அளக்க வந்தியளா?" என்றாள்.

ஞானப்பூ என்கிற பெயரைச் சொன்னேன். சிலோனுக்குப் போன மானுவேலின் அம்மா என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. நேரே சுவரோரம் கூட்டிப்போய், பாதி புதைந்த ஒரு செங்கல் மேட்டை விறகால் தொட்டுக் காட்டினாள்.

"இதான். கால்மாடு இங்க கெடக்கு. தலைமாடு ஒங்க சுவத்துக்கு அடியில போயிட்டு."

எங்களில் மேற்கே தலைவைத்துத்தான் அடக்கம் செய்வோம். உயிர்த்தெழும் நாளில் எழுந்து உட்கார்ந்தால் கிழக்கே பார்க்க வேண்டும் என்று. அந்த மேடு மூன்றடி வந்து சுவரில் முட்டி நிற்கிறது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது எலும்பு வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு. கொத்தனாரு மண்ணப்போட்டு மூடிட்டான். நாங்க வந்து சொன்னோம். வாத்தியாரு, இது பழசு, யாருதுன்னு யாருக்குத் தெரியும்னாரு. எங்களுக்குத் தெரியும்னோம்." அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவள் விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து புஷ்பலீலாவிடம் சொன்னேன். என் மனைவி. அவள் மாசிலாமணிக்கு மாடி அறையைக் கூட்டிப் பெருக்கிப் புதுத் தலையணை உறையெல்லாம் போட்டுவிட்டாள். பிறகு மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவுக வந்தா, சிலோன்காரர் வந்திருக்காருன்னு கீழத்தெரு ஆளுக பாக்க வருவாங்கல்லா. நம்ம வீட்டுக்கு. முன்வாசல்லதானே வருவாங்க?"

நான் செருப்பைத் தேடினேன்.

"கேக்கேன். வந்தா நாற்காலி எத்தனை எடுத்துப் போடணும்னு தெரியணுமில்லா," என்றாள். அப்புறம் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "பத்து நாள் அங்க போயிப் பேசிட்டு வந்துட்டிய. நான் இங்கன தெனமும் இருக்கேன்," என்றது அடுப்படியிலிருந்து கேட்டது.

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம், மனசு பளிச்சென்று இருக்கும். மாசிலாமணி வருகிறார் என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சாட்சி சொல்லும்போது அவரையும் மேடையில் ஏற்று, சபைக்கு ஒரு எழுப்புதலாக இருக்கும் என்றார். கல்லறையைச் சொன்னேன். அவர் வெற்றிலை போடுவதை நிறுத்தவில்லை. நம்ம பக்கத்தில் பெயரழிந்த பழைய கல் எத்தனையோ கிடக்கிறது, நல்லதாக ஒன்றைச் சுத்தம் செய்து காட்டிவிடு, மெழுகுத்திரிக்கு என்ன தெரியப்போகிறது என்றார். நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்போ ஒண்ணு செய் தம்பி. குடுத்தவன் நீ. அந்த நடுச்சுவரை எடுத்துருங்கன்னு ஒரு காகிதம் எழுதிக் குடு. எழுத்துல வந்துட்டா நான் கமிட்டியில வச்சுத்தான் ஆகணும். நான் மறைக்க மாட்டேன். ஊரு ரெண்டா நிக்கும். நின்னா நிக்கட்டும்னு நீ சொல்லணும். நான் சொல்ல முடியாது."

இதைவிட நேராக ஒருத்தர் சொல்ல முடியுமா? அன்றைக்கே எழுதினேன். நாலு வரி. கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். ஜெபம் செய்தேன், அண்ணாச்சி. முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். தோட்டத்தில் அந்தக் குளிரில் ஜெபித்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்ததே, அது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் தங்கை மகளின் கல்யாணம் தை மாதம் எங்கள் கோயிலில்தான். பெண் வீட்டுப் பொறுப்பு முழுக்க நான். ஊர் இரண்டாக நின்றால் அந்தப் பந்தியில் யார் உட்காருவார்கள்? அப்பா அந்தக் கமிட்டியில் பதினெட்டு வருஷம் இருந்தவர். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதோடு அதை விட்டுவிட்டேன்.

மாசிலாமணியை அந்தப் பக்கம் கூட்டிப்போகத்தான் போகிறேன். அதில் மாற்றமில்லை. ஓடையைச் சுற்றி, நாளைக் காலையிலேயே. ரூத்தம்மாளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், முள் வெட்டிப்போட ஆள் அனுப்புகிறேன் என்றேன், நாங்களே வெட்டிக்கிடுவோம் என்றாள். கால்மாட்டில் நின்றாவது மெழுகுத்திரி வைக்கட்டும். தலைமாடு எங்கே என்று கேட்பார். கேட்காமல் இருப்பாரா, அதற்காகவே கடல் தாண்டி வருகிறவர். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அங்கிருந்து திரும்பும்போது எங்கள் கல்லறை வாசலைக் கடந்துதான் வர வேண்டும். அவருக்குக் கண்ணாடி இல்லாமலே எழுத்து நன்றாகத் தெரியும். ஜெபப் புத்தகம் வாசிக்கிறவர். வாசலில் அப்பா பெயர், பெயருக்குக் கீழே 'மகன் ராஜசிங், குவைத்' என்று பொறித்த கல்.

விமானம் இறங்கிவிட்டது என்று போர்டில் மாறிவிட்டது, பாருங்கள். உங்கள் மகள் முதலில் வந்துவிடுவாள், இளவயசுக்காரர்கள் வேகமாக நடப்பார்கள். அவர் மெதுவாகத்தான் வருவார்.

காகிதத்தை நான் கொடுக்கவில்லை. நேற்றுக் காலை கொத்தனாரைக் கூட்டிப்போய், வாசலில் இருந்த அந்தக் கறுப்புக் கல்லை மட்டும் பெயர்த்து எடுத்தேன். சாயந்தரத்துக்குள் அந்த இடத்தைப் பூசி, வெள்ளையடித்தாயிற்று.